ஏணியிலிருந்து விழுந்தால் யார் பொறுப்பு? - ஆரணித் தறிகளை முன்வைத்து

ஆரணி என்றால் கல்யாண வீட்டுக்காரர்களுக்குப் பட்டுச் சேலை ஞாபகம் வரும். மளிகைக் கடைக்காரருக்கு அரிசி ஞாபகம் வரும். வரலாற்றுப் பாடத்தை உருப்போட்ட பாவப்பட்ட ஜீவன்களுக்கு 1751-ல் ராபர்ட் கிளைவ் இங்கே போட்ட சண்டை ஞாபகம் வரலாம். ஏணி யாருக்கும் ஞாபகம் வராது.

ஆனால் அந்த ஊரில் கொஞ்ச நேரம் நின்று பார்த்தால் ஏணிதான் எங்கேயும் தெரியும். ரைஸ் மில்லில் மூட்டை அடுக்கின் உச்சிக்கு ஏற ஏணி. பட்டுக் கடையில் மேல் தட்டில் இருக்கும் சேலைப் பெட்டியை இறக்க ஏணி. பொங்கல் நெருங்கினால் சுவருக்குச் சுவர் சாய்ந்து நிற்கும் பெயிண்டர்களின் ஏணி. இதெல்லாம் தெருவில் போகிறவர் கண்ணில் படும் ஏணிகள். கண்ணில் படாத ஏணி ஒன்று உண்டு. அது நெசவாளர் வீட்டுக்குள், தறிக்குப் பக்கத்தில் இருக்கிறது. பேச வேண்டியது அதைப் பற்றித்தான்.

கைத்தறியைக் கிட்டத்தில் பார்க்காதவர்களுக்கு ஒரு சின்ன விளக்கம். குழித்தறியில் பட்டு நெய்கிறவர் தரையோடு தரையாக உட்கார்ந்திருப்பார். கால் இரண்டும் குழிக்குள், மிதியின் மேல். கையால் நாடா தள்ளுவதும் காலால் மிதிப்பதும்தான் வெளியாளுக்குத் தெரியும். அப்படியானால் கரையிலும் முந்தானையிலும் வருகிற மயில், அன்னம், மாங்காய் எல்லாம் எங்கிருந்து வருகின்றன? தலைக்கு மேலே பாருங்கள். தறிச் சட்டத்தின் உச்சியில், கூரைக்குக் கொஞ்சம் கீழே, ஒரு பெட்டி உட்கார்ந்திருக்கும். அதுதான் ஜக்கார்டு. ஓட்டை போட்ட அட்டைகளைக் கயிற்றால் கோத்து அதில் மாட்டியிருப்பார்கள். எந்த ஓட்டை எங்கே இருக்கிறதோ அதற்கேற்ப பாவு இழை தூக்கும், டிசைன் விழும். 1804-ல் பிரான்சின் லியோன் நகரத்தில் ஜோசப் மாரி ஜக்கார்டு என்பவர் உருவாக்கிய சமாச்சாரம் இது. (கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கும் நண்பர்கள் காலரைத் தூக்கிவிடுவதற்கு முன் ஒரு விஷயம். பழைய கம்ப்யூட்டர்களில் போட்ட பஞ்ச் கார்டுக்கு இந்த அட்டைதான் தாத்தா.)

சரி, விஷயத்துக்கு வருவோம். டிசைன் மாறினால் அட்டை மாற்ற வேண்டும். கயிறு அறுந்தால் முடிச்சுப் போட வேண்டும். ஊசியோ கொக்கியோ வளைந்தால் நிமிர்த்த வேண்டும். எல்லாம் மேலே இருக்கிறது. ஆகவே யாராவது ஏற வேண்டும். பல வீடுகளில் இதற்கென்று ஒழுங்கான ஏணி கூடக் கிடையாது. ஸ்டூலின் மேல் ஸ்டூல், பிளாஸ்டிக் நாற்காலி, இல்லாவிட்டால் தறியின் குறுக்குக் கட்டையிலேயே ஒரு காலை வைத்து எம்புவது. ஏணி இருந்தாலும் அதைச் சாய்க்க இடம் வேண்டுமே! நான்கடி உயரத்துக்கு ஓரடி என்ற கணக்கில் ஏணியின் கால் சுவரிலிருந்து தள்ளி இருக்க வேண்டும் என்பது பொதுவான பாதுகாப்பு விதி. தறி போட்ட அறையில் மிச்சம் இருக்கிற இடத்தில் ஏணி கிட்டத்தட்டச் செங்குத்தாகத்தான் நிற்கும். கீழே மெத்தையா இருக்கிறது? ஒரு பக்கம் சிமெண்ட் தரை, இன்னொரு பக்கம் தறிக்குழி.

விழுந்தால்?

இடுப்பு, மணிக்கட்டு, முதுகெலும்பு... இதில் எது போனாலும் நெசவு போச்சு. கை ரெண்டும் கால் ரெண்டும் சேர்ந்து ஓட வேண்டிய தொழில் அது. ஒரு கால் மிதிக்க மறுத்தால் மற்ற மூன்றும் சும்மா இருக்க வேண்டியதுதான்.

இங்கேதான் சட்டம் ஒரு வேடிக்கை செய்கிறது. ஒரு கணக்குக்காக மூன்று பேரைக் கற்பனை செய்து கொள்வோம். மூவருக்கும் வயது 40. மூவருக்கும் மாத வருமானம் 15,000 ரூபாய். ஒரே தெரு, ஒரே நாள், ஒரே உயரம். மூவரும் ஏணியிலிருந்து விழுகிறார்கள்.

முதல் ஆள் பெரிய பட்டுக் கடையில் சேல்ஸ்மேன். கடையில் 10 பேருக்கு மேல் வேலை செய்கிறார்கள், இ.எஸ்.ஐ. பிடிக்கிறார்கள் என்று வைத்துக் கொள்வோம். சம்பளத்தில் அவருடைய பங்கு 0.75 சதவீதம், முதலாளி பங்கு 3.25 சதவீதம். 2019 ஜூலையிலிருந்து இதுதான் விகிதம். விழுந்த ஆளுக்கு மருத்துவம் இலவசம். வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குச் சம்பளத்தில் 90 சதவீதம் வரும். நிரந்தரமாக ஊனம் என்றால், சம்பாதிக்கும் திறன் எவ்வளவு குறைந்ததோ அந்த அளவுக்கு ஆயுள் முழுக்க மாதாமாதம் பணம். (தமிழ்நாட்டில் கடை ஊழியர்கள் உட்கார நாற்காலி போட வேண்டும் என்று சட்டம் வந்ததே 2021-ல்தான் என்பதையும் இந்த இடத்தில் நினைத்துக் கொள்ளலாம். அதுவரை நாள் முழுக்க நின்றே கால் வீங்கியவர்கள்தான் ஏணியிலும் ஏறி இறங்கினார்கள்.)

இரண்டாவது ஆள் ஒரு பெயிண்டிங் கான்ட்ராக்டரிடம் வேலை செய்யும் பெயிண்டர். மாடிக் கட்டிடத்துக்கு வெளிப்பூச்சு அடிக்கும்போது விழுகிறார். அவருக்கு இ.எஸ்.ஐ. இல்லை. ஆனால் 1923-லிருந்து இருக்கிற இழப்பீட்டுச் சட்டம் இருக்கிறது. தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம் என்று பெயர் வைத்தார்கள், 2010-ல் ஊழியர் இழப்பீட்டுச் சட்டம் என்று மாற்றினார்கள், 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்தில் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு 2020 வந்துவிட்டது. பெயர்ப் பலகை மாறினாலும் உள்ளே இருக்கும் வாய்ப்பாடு பழையதுதான். முழு ஊனம் என்றால் மாதச் சம்பளத்தில் 60 சதவீதம், அதை வயதுக்கான ஒரு எண்ணால் பெருக்க வேண்டும். மரணம் என்றால் 50 சதவீதம். 40 வயதுக்கு அந்த எண் 184.17. கணக்குக்கு எடுத்துக்கொள்ளும் சம்பள உச்சவரம்பு 2020 ஜனவரியில் 8,000-லிருந்து 15,000 ஆக உயர்ந்தது. அதை வைத்துப் பார்த்தால் 9,000 x 184.17 = 16,57,530 ரூபாய். சம்பாதிக்கும் திறனில் 30 சதவீதம்தான் போனது என்று டாக்டர் சொன்னால் 4,97,259 ரூபாய். குணமாகும் வரை பதினைந்து நாளுக்கு ஒரு தடவை கால் மாதச் சம்பளம், அதாவது 3,750. இது போக, ஆஸ்பத்திரிச் செலவையும் முதலாளிதான் திருப்பித் தர வேண்டும்.

மூன்றாவது ஆள் நெசவாளர். தன் வீட்டில், தன் தறியில், முதலாளி கொடுத்த புது டிசைன் அட்டையை மாட்டும்போது விழுகிறார்.

அவருக்கு எவ்வளவு?

பூஜ்யம்.

கணக்கில் தப்பு இல்லை. அவருடைய வயதைப் பெருக்க அட்டவணையில் எண் இருக்கிறது. பெருக்கப்பட வேண்டிய கூலியும் இருக்கிறது. முதலாளி என்ற கட்டத்தில் எழுதப் பெயர்தான் இல்லை. மின்சாரம் ஓடும் தொழிற்கூடம், 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடம் என்று பட்டியல் போட்டுத்தான் 1923 சட்டம் ஆட்களை உள்ளே விட்டது. புருஷனும் பெண்டாட்டியும் உட்கார்ந்து கையால் நெய்கிற வீடு அந்தப் பட்டியலில் சுலபத்தில் அகப்படாது. "அவர் என்கிட்ட வேலை செய்யலைங்க, அவர் வீட்ல அவர் நெய்யறார், நான் கூலி குடுத்து சேலை வாங்கறேன்" என்று முதலாளி சொன்னால் பேச்சு அங்கேயே முடிந்தது.

உண்மையில் நடப்பது என்ன? பட்டு முதலாளியுடையது. ஜரிகை முதலாளியுடையது. பாவு, டிசைன், கலர் எல்லாம் அவர் சொல்வது. நெய்து கொண்டு போன சேலையில் குறை இருந்தால் கூலியில் பிடிப்பவரும் அவர். முன்பணம் கொடுத்திருப்பவரும் அவர்தான், ஆகவே கடன் தீராமல் வேறு முதலாளியிடம் போவதும் கஷ்டம். நெசவாளருக்குச் சொந்தமானது தறி, கூரை, குழி, அப்புறம் இடுப்பெலும்பு. லாபம் வரும் பொருளெல்லாம் ஒரு பக்கம், நஷ்டம் வரும் பொருளெல்லாம் இன்னொரு பக்கம் என்று யாரோ உட்கார்ந்து பிரித்து எழுதிய பேலன்ஸ் ஷீட் மாதிரி இருக்கிறது இது.

நிற்க. "வீட்டில் வேலை செய்தால் தொழிலாளி இல்லை" என்பது ஏதோ மாற்ற முடியாத விதி என்று நினைக்க வேண்டாம். ஆரணியிலிருந்து ரொம்ப தூரம் கூடப் போக வேண்டியதில்லை. முன்பு ஆரணியும் சேர்ந்திருந்த பழைய வட ஆற்காடு மாவட்டத்திலேயே வேலூர், குடியாத்தம் பக்கம் போனால் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பீடி சுற்றும் பெண்களைப் பார்க்கலாம். இலை கம்பெனி கொடுப்பது, தூள் கம்பெனி கொடுப்பது, சுற்றுவது வீட்டில். நம் நெசவாளர் கதையேதான். ஆனால் 1966-ல் வந்த பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம், வீட்டில் சுற்றுகிறவரையும் தொழிலாளி என்று வெளிப்படையாகவே எழுதியது. வீட்டில் பீடி சுற்றுகிறவர்களுக்கும் பி.எஃப். உண்டு என்று 1985-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதற்கும் முன்னால் 1964-லேயே, சென்னை மாகாணத்துப் பீடி வழக்கு ஒன்றில், நடுவில் இருந்த காண்ட்ராக்டர்கள் வெறும் ஏஜெண்டுகள்தான், தொழிலாளிகளின் உண்மையான முதலாளி பீடிக் கம்பெனிதான் என்று தீர்ப்பு வந்திருந்தது.

தையல்காரர்கள் கதை இன்னும் சுவாரசியம். 1973-ல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த வழக்கு அது. பீஸ் கணக்கில் கூலி, வருவதும் போவதும் அவரவர் இஷ்டம், சில நேரம் துணியை வீட்டுக்கே கொண்டு போய்த் தைத்துத் தருவதும் உண்டு. இவர்கள் எப்படி ஊழியர்கள் ஆவார்கள் என்று கடைக்காரர் கேட்டார். தைத்தது சரியில்லை என்றால் திருப்பிக் கொடுத்து மறுபடி தைக்கச் சொல்லும் அதிகாரம் உனக்கு இருக்கிறதே, அதுதான் முதலாளித்தனம் என்கிற ரீதியில் நீதிமன்றம் பதில் சொன்னது. தையல் மிஷின் கடைக்காரருடையது என்பதும் அந்த வழக்கில் ஒரு காரணம். ஆரணியில் தறி நெசவாளருடையது என்று ஒரு வித்தியாசம் சொல்லலாம்தான். ஆனால் ஒரு பட்டுச் சேலையின் விலையில் பெரும் பங்கு பட்டும் ஜரிகையுமாக இருக்கும்போது, தறிச் சட்டம் யாருடையது என்று கேட்டு ஒருவரைத் தொழிலாளி இல்லை என்று தள்ளுவது எப்படி நியாயம்?

இதில் ஒரு முரண் இருக்கிறது, கவனித்தீர்களா? நெசவாளர் வீடு வேலை செய்யும் இடம்தான் என்று அரசாங்கத்தின் ஒரு கை ஏற்கெனவே ஒப்புக்கொண்டிருக்கிறது. கைத்தறி நெசவாளர்களுக்கு இரண்டு மாதத்துக்கு 200 யூனிட் இலவச மின்சாரம் தந்து, 2023-ல் அதை 300 ஆக்கினார்கள். ஏன்? அது வெறும் வீடு இல்லை, தறி ஓடும் இடம் என்பதால்தானே! பல்பு எரியும்போது தொழிற்கூடம், ஆள் விழும்போது மட்டும் வீடு. என்ன கொடுமை இது!

சரி, நெசவாளருக்கு வேறு ஒன்றுமே இல்லையா? இருக்கிறது. சொல்லாமல் விட்டால் நியாயமாகாது. கைத்தறி மற்றும் கைத்தறி பட்டு நெசவுத் தொழிலாளர் நல வாரியம் இருக்கிறது. பதிவு செய்து, விடாமல் புதுப்பித்து வைத்திருந்தால் விபத்தில் இறந்தாலோ உறுப்பு இழந்தாலோ ஒரு தொகை உண்டு. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் பெரிய ஆபரேஷன்களுக்கு உதவும். பிரதம மந்திரி சுரக்ஷா பீமா யோஜனா இருக்கிறது. 2015-ல் வருடத்துக்கு 12 ரூபாயாக ஆரம்பித்தது, 2022 ஜூனிலிருந்து 20 ரூபாய். இறந்தால் 2 லட்சம். இரண்டு கையோ இரண்டு காலோ இரண்டு கண்ணோ போனால் 2 லட்சம். ஒரு கையோ ஒரு காலோ முற்றிலும் செயலிழந்தால் 1 லட்சம்.

இருபது ரூபாய்க்கு இது பெரிய விஷயம்தான், மறுக்கவில்லை. ஆனால் ஏணியிலிருந்து விழுகிறவர்கள் பெரும்பாலும் இப்படி முழுசாக எதையும் இழப்பதில்லையே. இடுப்பில் பிளேட் வைத்து ஆறு மாதம் படுக்கை, எழுந்த பிறகு குழியில் கால் தொங்கப்போட்டு ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார முடியாத வலி. கை இருக்கிறது, கால் இருக்கிறது, உயிரும் இருக்கிறது. கூலிதான் இல்லை. இந்த இடத்தில் மேலே சொன்ன திட்டம் எதுவும் வராது. பெயிண்டருக்கு இழப்பீட்டுச் சட்டம் தரும் "சம்பாதிக்கும் திறன் குறைந்தது" என்கிற அந்த ஒரு வரிதான் இங்கே தேவை. அது நெசவாளருக்கு இல்லை.

அந்த வரிக்கு எவ்வளவு பலம் என்பதற்கு ஒரு நிஜ வழக்கு. ஒடிசாவின் ஜெய்ப்பூரில் (ராஜஸ்தான் இல்லை, கோராபுட் பக்கத்து ஜெய்ப்பூர்) ஒரு சினிமா தியேட்டரில் அலங்கார வேலை செய்து கொண்டிருந்த தச்சர் 1968 ஜூலை 6 அன்று கீழே விழுந்தார். இடது கையை முழங்கையிலிருந்து எடுக்க வேண்டியதாயிற்று. தியேட்டர்காரர் என்ன சொன்னார் தெரியுமா? அவர் என் ஊழியரே இல்லை, காண்ட்ராக்டில் வந்து போகிறவர், அவருடைய கவனக்குறைவால்தான் விழுந்தார். ஆரணியில் இன்றைக்கும் கேட்கிற அதே வசனம்! இழப்பீட்டு ஆணையர் இதை ஏற்கவில்லை. 9,800 ரூபாய் இழப்பீடு, காலம் கடத்தியதற்கு அதில் 50 சதவீதம் அபராதம், வட்டி என்று உத்தரவு போட்டார். தியேட்டர்காரர் விடவில்லை, உச்ச நீதிமன்றம் வரை போனார். ஒரு கைதானே போனது, அட்டவணைப்படி பகுதி ஊனம்தானே என்று வாதாடினார். 1975 டிசம்பரில் தீர்ப்பு வந்தது. ஒற்றைக் கையை வைத்துக்கொண்டு தச்சு வேலை செய்ய முடியாது, ஆகவே இந்த ஆளுக்கு இது முழு ஊனம். அது மட்டுமில்லை, இழப்பீடு கொடுக்க வேண்டிய கடமை விபத்து நடந்த நாளிலிருந்தே தொடங்குகிறது, உத்தரவு வந்த நாளிலிருந்து அல்ல.

உடம்பில் எத்தனை அங்குலம் போனது என்று பார்க்காமல் தொழில் போனதா என்று பார்த்தார்கள். அரைகுறையாக மடங்கும் முட்டியோடு குழித்தறியில் உட்காரும் ஒருவரை இந்த அளவுகோலால் அளந்து பாருங்கள்.

கவனக்குறைவு பற்றியும் இங்கே சொல்லியாக வேண்டும், ஏனென்றால் விழுந்தவர்களே இதை நம்பிவிடுகிறார்கள். "என் தப்புதான் சார், சரியா பார்த்து ஏறல" என்று குற்ற உணர்ச்சியோடு ஒதுங்கிக் கொள்கிறார்கள். இங்கிலாந்தில் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. முதலாளி தப்பு என்று தொழிலாளி நிரூபித்தால்தான் காசு. 1884-ல் ஜெர்மனியில் விபத்துக் காப்பீடும் 1897-ல் இங்கிலாந்தில் இழப்பீட்டுச் சட்டமும் வந்த பிறகு அந்தக் கேள்வியே மாறிவிட்டது. யார் தப்பு என்பதை விட்டுவிட்டு, வேலையால், வேலையின்போது நடந்ததா என்று கேட்க ஆரம்பித்தார்கள். நம் 1923 சட்டமும் அதே வழிதான். வேலைக்காக ஏறும்போது கால் இடறினால் அது வேலையின் ஆபத்து. குடித்திருந்தார், பாதுகாப்புச் சாதனத்தை வேண்டுமென்றே கழற்றினார் என்று முதலாளி சொல்லலாம். மரணம் அல்லது முழு நிரந்தர ஊனம் என்று வந்துவிட்டால் அந்தச் சாக்குகள் கூடச் செல்லாது.

சட்டம் இருக்கிறவர்களும் அதை எங்கே தொலைக்கிறார்கள் என்றால், பெரும்பாலும் முதல் அரை மணி நேரத்திலேயே. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். எப்படி அடிபட்டது என்று கேட்பார்கள். போலீஸ், கேஸ் என்று ஆகிவிடுமோ, காண்ட்ராக்டர் கோபித்துக் கொள்வாரோ என்ற பயத்தில், "வீட்ல வழுக்கி விழுந்துட்டாரு டாக்டர்" என்று கூட வந்தவர் சொல்லிவிடுவார். அது விபத்துப் பதிவேட்டில் ஏறிவிடும். ஒரு வருடம் கழித்து இழப்பீடு கேட்டுப் போனால் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் எடுத்துக் காட்டுவது அந்த ஒரு வரியைத்தான். "வேலை செய்யும்போது ஏணியிலிருந்து விழுந்தார், இன்னார் வேலை" என்று உண்மையைச் சொன்னால் போதும். அந்தப் பதிவின் நகல், எக்ஸ்ரே, டிஸ்சார்ஜ் சம்மரி, கூலி வாங்கிய நோட்டு, கூட வேலை செய்த ஒருவர் பெயர். அவ்வளவுதான் வழக்கு.

அடுத்தது வெள்ளைத் தாள். "செலவுக்கு இருபதாயிரம் வச்சுக்கோ, இதுல ஒரு கையெழுத்துப் போடு, இனிமே எதுவும் கேட்கக் கூடாது." பயப்பட வேண்டாம். இழப்பீட்டு உரிமையை விட்டுக் கொடுப்பதாக எழுதி வாங்கினால் அந்த ஒப்பந்தம் செல்லாது என்று சட்டமே சொல்கிறது. இறப்பு என்றால், முதலாளி குடும்பத்தின் கையில் நேராகக் கொடுத்த பணம் இழப்பீடு ஆகாது. அதிகாரியிடம் கட்டித்தான் ஆக வேண்டும். ஒரு மாதத்துக்குள் கொடுக்காவிட்டால் 12 சதவீத வட்டி, தகுந்த காரணம் இல்லாவிட்டால் 50 சதவீதம் வரை அபராதம். கேட்பதற்குக் காலக்கெடு இரண்டு வருடம். வக்கீலுக்குக் காசில்லை என்றால் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக ஏற்பாடு செய்ய வேண்டும். பெண்கள், தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்கள், மாற்றுத் திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளிகள் எல்லாம் வருமானம் பார்க்காமலே இதற்கு உரியவர்கள்.

மறுபடியும் தறிக்கு. நெசவாளர்களுக்கும் இதே உரிமையைக் கொடுத்தால் என்ன ஆகும்? முதலாளிகள் தரப்பில் ஒரு நியாயமான கேள்வி இருக்கிறது, அதைச் சும்மா ஒதுக்கக் கூடாது. ஆரணியில் பட்டு முதலாளி என்றால் எல்லாரும் ஏசி ஷோரூம்காரர் இல்லை. பத்துத் தறிக்கு வேலை கொடுத்து, பட்டு விலை ஏறினால் தூக்கம் வராமல் புரள்கிற ஆட்களும் இருக்கிறார்கள். அவர்களில் பலர் நேற்று வரை நெய்தவர்கள்தான். ஒரு ஆள் விழுந்ததற்குப் பதினாறு லட்சம் கொடு என்றால் அந்த வியாபாரமே படுத்துவிடும். கூட்டுறவுச் சங்கத்தில் கதை வேறு. அங்கே நெசவாளர் உறுப்பினர், அதாவது பேப்பரில் அவரும் ஒரு முதலாளி. தன்னிடமே தான் எப்படி இழப்பீடு கேட்பது?

இதற்கு விடை கட்டிட வேலையில் இருக்கிறது. கட்டிடம் கட்டும் செலவில் 1 சதவீதம் நலநிதி என்று 1996 சட்டப்படி வசூலிக்க ஆரம்பித்தார்கள். கொத்தனார் எந்த மேஸ்திரியிடம் வேலை செய்தார் என்று தேடிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை, நிதி பொதுவில் இருக்கிறது. பட்டுக்கும் அப்படி ஒன்று ஏன் கூடாது? இன்னொரு கதவும் இருக்கிறது. 2020 சட்டத் தொகுப்பு "வீட்டிலிருந்து உழைப்பவர்" என்று ஒரு ஆளை விளக்கமாகவே எழுதியிருக்கிறது. முதலாளிக்காகத் தன் வீட்டில் பொருள் செய்து கூலி வாங்குகிறவர், கச்சாப் பொருள் யார் கொடுத்தாலும் சரி, என்று. ஆரணி நெசவாளரைப் பக்கத்தில் உட்கார வைத்து எழுதிய மாதிரியே இருக்கும்! ஆனால் அவரை இழப்பீட்டு அத்தியாயத்தில் சேர்க்காமல் அமைப்புசாராத் தொழிலாளி என்ற கூடையில் போட்டுவிட்டார்கள். அதே சட்டத்தில், அமைப்புசாராத் தொழிலாளர்களுக்காக இ.எஸ்.ஐ. வழியாகத் தனித் திட்டம் போடலாம் என்றும் ஒரு பிரிவு இருக்கிறது. போடலாம் என்றுதான் இருக்கிறது, போட வேண்டும் என்று இல்லை. வீட்டிலிருந்து வேலை செய்கிறவர்களுக்கும் மற்றத் தொழிலாளிகளுக்குச் சமமான பாதுகாப்பு வேண்டும் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1996-லேயே 177-ஆம் உடன்படிக்கை கொண்டு வந்தது. இந்தியா அதை இன்னும் ஏற்கவில்லை.

2019-20 கைத்தறிக் கணக்கெடுப்பின்படி நாடு முழுக்க 35.22 லட்சம் பேர் இந்தத் தொழிலில் இருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் வீட்டில் நெய்கிறவர்கள், பெரும்பாலோர் பெண்கள். இவ்வளவு பேரை ஒரு காப்பீட்டுக் குடைக்குள் கொண்டு வந்தால் தலைக்கு ஆகும் செலவு எவ்வளவு குறையும் என்பது இன்ஷூரன்ஸ் பாடத்தின் முதல் அத்தியாயம். எல்லாருமா ஒரே வருடத்தில் ஏணியிலிருந்து விழப் போகிறார்கள்?

கணக்கு போட்டுப் பார்ப்போம். பத்தாயிரம் ரூபாய் பட்டுச் சேலைக்கு அரை சதவீதம் என்றால் 50 ரூபாய். மாதம் மூன்று சேலை நெய்கிற தறியிலிருந்து வருடத்துக்கு 1,800 ரூபாய் நிதிக்குப் போகும். இருபது ரூபாய் பாலிசியைப் போல 90 மடங்கு. வலியோடு படுத்திருக்கும் ஆறு மாதத்துக்குக் கூலியில் பாதியாவது கொடு, இனி நெய்ய முடியாது என்றால் அதற்கு ஒரு விலை கொடு என்று அந்த நிதியிடம் கேட்கலாம். முதலாளி கையிலிருந்து ஒரே நாளில் பதினாறு லட்சம் எடுக்க வேண்டியதும் இல்லை. சேலை வாங்குகிறவர் தலையில் ஏறினாலும் பரவாயில்லை. அந்த ஐம்பது ரூபாய், அதே சேலையின் முந்தானைக்குக் குச்சம் கட்டக் கொடுக்கிற காசை விடக் குறைவு.